நாமே பொருத்தும் முதற் கணினி

கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் சட்டையை வாங்கி அணிவோர் பலர். துணியை வேறாக வாங்கித் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பிப்போர் சிலர். முன்னவருக்கு நேரம் மிச்சம். பின்னவருக்குத் தோளும் கையும் அளவாகப் பொருந்தும் என்ற நிம்மதி. கணினி விடயத்திலும் இவ்விரு வழிகள் உள. முழுமையாகப் பொருத்திய கணினியை ஒரே பெட்டியாக வாங்கலாம். உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கி வீட்டிலேயே பொருத்தவும் செய்யலாம். அண்மைக் காலமாக எம் மாணவர் பலர் இரண்டாவது வழியையே நாடுகின்றனர். விளையாடுவதற்கும் திரைப்படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் ஏற்ற ஒரு கணினியைத் தம் கையாலேயே பொருத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இவ்வாரம் அதனைக் குறித்துச் சற்று விரிவாகப் பேசுவோம்.

இவ்வாசை வன்னி மண்ணுக்குப் புதியதன்று. 1990களில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்து வாட்டிய காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மவர்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் இரவிரவாகப் படித்தவர்கள் இன்று பெற்றோராக நம்மிடையே இருக்கிறார்கள். கையிலுள்ள பொருளைக் கொண்டு வேண்டிய பொருளை ஆக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் திருகாணியைக் கையில் எடுத்தால் அதில் வியப்பென்ன?

பல நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒன்றோடொன்று எங்ஙனம் பொருந்தும் என்ற ஐயம் எழுதல் இயல்பே. இதற்கொரு சிறு வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் மூளையாகிய சில்லை இன்டெல் நிறுவனம் வழங்கிற்று; இயக்கும் மென்பொருளை மைக்ரோசொஃப்ட் வழங்கிற்று. உள்ளே மேலதிக அட்டைகளைச் செருகுவதற்கு இடமும் வைத்து, அவற்றுக்கான தொழினுட்ப விவரங்களையும் ஐ.பி.எம். வெளியிட்டது. அதனால் மற்றைய நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்யலாயின. நாளடைவில் அதனையொத்த கணினிகளையே செய்யலாயின. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. திருகாணித் துளை எங்கே இருக்க வேண்டும், மின்வடம் எங்கே செருகப்பட வேண்டும் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. ஒரு நாட்டிற் செய்த பலகை இன்னொரு நாட்டிற் செய்த பெட்டிக்குள் இன்றும் பொருந்துவது இதனாலேயே.

ஆயினும் உருவத்தாற் பொருந்துவது வேறு, வலிமையாற் பொருந்துவது வேறு. பணம் வீணாவது இந்த இரண்டாவது பொருத்தத்தைப் பாராமல் விடுவதனாலேயாம்.

சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் தந்தையாரோடு வந்து ஒரு பட்டியலைக் காட்டினார். மொத்தத் தொகையிற் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் அட்டை ஒன்றுக்கே ஒதுக்கியிருந்தார். வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிப் பெட்டிக்கு அடுத்த பங்கு. ப்ராசசர் இருப்பவற்றுள் மலிவானது. ராம் ஒரே துண்டாக 8 ஜி.பி. மின்வழங்கியோ பெட்டியோடு இலவசமாக வருவது. அதற்குப் பெயரும் இல்லை. யூ.பி.எஸ். இல்லை. மொனிட்டர் வீட்டில் ஏற்கெனவே உள்ள பழையது.

"மாஸ்ரர், இது தேங்காய் வித்துச் சேர்த்த காசு. பிழைச்சுப் போனால் இன்னொருக்கால் சேர்க்கிறது கஷ்டம். பெடியன் எழுதினது சரியோ? இது படிப்புக்கோ, விளையாட்டுக்கோ?" என்று தந்தையார் கேட்டார்.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. முதலாவதற்கு முதலில் விடை காண்போம். அப்பட்டியலிற் பெரும்பாலான உறுப்புகள் தனித்தனியே குறை கூறத்தக்கவை அல்ல; சேர்க்கைதான் பிழை. ஒரு நுகத்தில் ஒரு பக்கம் கொழுத்த எருதையும் மறுபக்கம் இளங்கன்றையும் பூட்டினால், ஏர் கன்றின் நடைக்கே நகரும். எருதுக்குக் கொடுத்த விலையிற் பாதி வீண். கணினியும் அத்தகையதே. ஆகவே எந்த உறுப்பு மிக வலியது என்று தேடாமல், எந்த உறுப்பு மற்றவற்றைப் பின்னிழுக்கும் என்று தேடுவதே அறிவுடைமை.

தேர்வை மொனிட்டரிலிருந்து தொடங்குதல் வேண்டும். கண்ணுக்கு எட்டுவது அதுவே. பழைய மொனிட்டர்கள் பலவற்றின் படம் 1366 × 768 புள்ளிகளால் ஆனது. ஏறக்குறைய பத்தரை இலட்சம் புள்ளிகள். இன்று பரவலாக உள்ள 1920 × 1080 அளவுத் திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 'நான்கு கே' எனப்படும் திரையில் அதனினும் நான்கு மடங்கு, அதாவது 82,94,400 புள்ளிகள். விளையாட்டில் உருவம் தடையின்றி அசைய வேண்டுமாயின் வினாடிக்கு 60 தடவையேனும் படம் புதிதாக வரையப்பட வேண்டும். நடுத்தரத் திரையிலேயே வினாடியொன்றுக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு மேல் வண்ணம் தீட்டியாக வேண்டும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். திரை பெருகப் பெருகத் தீட்டும் வேலையும் பெருகும். விலையுயர்ந்த அட்டையைப் பழைய சிறு மொனிட்டரோடு இணைப்பது, பெரிய மோட்டரைப் பூட்டி ஒரு முழத் தோட்டத்துக்கு நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். முதற் கணினிக்கு மூலைவிட்டமாக 24 அங்குலம் கொண்ட 1920 × 1080 அளவுத் திரை போதும். வினாடிக்கு 144 தடவை படத்தை மாற்றவல்லதாய்க் கிடைப்பின் நன்று.

திரை முடிவானபின், அதற்கு வண்ணம் தீட்டும் கிராபிக்ஸ் அட்டைக்கு வருவோம். இதற்கும் ப்ராசசருக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் அறிதல் நலம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 என்னும் ப்ராசசரில் 6 கருக்கள் உள. என்விடியா நிறுவனம் 2021இல் வெளியிட்ட 12 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையில் 3,584 சிறு கருக்கள் உள. முன்னது எந்தச் சிக்கலான கணக்கையும் விரைந்து முடிக்கும் ஆறு பண்டிதர்களைப் போன்றது. பின்னது ஒரே வகை வேலையை ஒரே நேரத்தில் செய்யும் கூலியாட்களின் பெருங்கூட்டம். புள்ளி தீட்டுவதற்குக் கூட்டம் வேண்டும். அடுத்து நிகழ வேண்டியதைக் கணக்கிட்டு அக்கூட்டத்துக்கு ஆணையிடப் பண்டிதர் வேண்டும். ஆணை தாமதித்தால் ஆட்கள் சும்மா இருப்பர். நடுத்தரத் திரைக்கு இவ்விரண்டு உறுப்புகளும் ஒன்றுக்கொன்று ஏற்ற துணை. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 அட்டையும் இந்த வரிசையிற் சேர்க்கத்தக்கது. இன்று புதிதாக அட்டை வாங்குவோர், அதன் சொந்த நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையாதிருக்கப் பார்த்துக் கொள்க.

ப்ராசசரின் பெயருக்குப் பின்னால் வரும் ஓரெழுத்தையும் அலட்சியம் செய்யலாகாது. இன்டெல் ப்ராசசரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்றிருந்தால், படம் காட்டும் பகுதி அதற்குள் இல்லை என்பது பொருள். தனி அட்டை இல்லாமல் திரை இருண்டே கிடக்கும். ரைசன் 5 5600க்கும் அதே நிலைதான். ரைசன் 5 5600ஜி என்று 'ஜி' சேர்ந்து வந்தாலோ, படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கும். இச்சிறு வேற்றுமை, கையிற் பணம் குறைந்தோருக்கு எத்துணை உதவும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ராம் என்பது வேலை நடக்கும் மேசை, எஸ்.எஸ்.டி. என்பது பொருளைச் சேமிக்கும் களஞ்சியம். மேசை சிறிதாயின் களஞ்சியத்துக்கும் மேசைக்குமாக ஓடுவதிலேயே காலம் கழியும். 16 ஜி.பி. ராம் இன்று அளவானது. அதனை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குக. ப்ராசசருக்கு இரு வழிகளாற் செய்தி போய்வரும். களஞ்சியத்தைப் பொறுத்தவரை, பழைய சுழல்தட்டு வினாடிக்கு ஏறக்குறைய 150 எம்.பி. படிக்கும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை; என்.வி.எம்.இ. வகையில் நடுத்தரமானவை 3,500 எம்.பி. வரை படிக்கும். இக்கால விளையாட்டு ஒன்றே 100 ஜி.பி. இடத்தை அடைத்துக் கொள்வதுண்டு. ஆகையால் 1,000 ஜி.பி. கொண்ட எஸ்.எஸ்.டி. ஒன்று இருத்தல் நன்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் ராமின் விலை வெகுவாக ஏறிற்று. எனவே பழைய விலையை மனத்திற் கொண்டு திட்டமிடாமல், வாங்கும் வாரத்து விலையைக் கேட்டறிந்து பட்டியலைத் திருத்துக.

இவையெல்லாம் அமரும் பலகை மதர்போர்ட் ஆகும். ப்ராசசர் அமரும் குழியின் பெயரும் மதர்போர்ட்டின் குழிப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 குழி டி.டி.ஆர்.4 ராமையும், 2022இல் வந்த ஏ.எம்.5 குழி டி.டி.ஆர்.5 ராமையும் ஏற்கும். ஒன்றன் ராம் மற்றதில் நுழையாது; வெட்டுக் குறியே இடம் மாறியிருக்கும். ஏ.எம்.4 இப்போது மலிவு. ஏ.எம்.5 விலை கூடியதாயினும், பலகையை மாற்றாமற் சில ஆண்டுகளின் பின் புதிய ப்ராசசரை இட வழி வைத்திருக்கிறது. மலிவா, வளர்ச்சிக்கு இடமா என்பதை அவரவர் நிலை நோக்கி முடிவு செய்க.

இனி, ஆசையோடு பட்டியல் எழுதும் இளைஞர் எவரும் ஆசையோடு நோக்காத உறுப்புக்கு வருவோம். அதுவே மின்வழங்கி, கடைகளிற் பவர் சப்ளை என்பர். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம் என்பது பழமொழி. இலட்சக் கணக்கிற் செலவிட்டபின் இதிற் சில ஆயிரங்களை மிச்சப்படுத்துவோர் அப்பழமொழிக்கு உயிருள்ள சான்று. எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் செல்லும் ஒரே வாசல் இது. தரமற்ற வழங்கி கெடும்போது தான் மட்டும் கெடாது, தன்னோடு சேர்ந்த மதர்போர்ட்டையும் அட்டையையும் கெடுத்துவிடக் கூடும்.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. மேற்கூறிய ப்ராசசர் முழு வேலையில் 80 வாட் எடுக்கும் என்று கொள்வோம். ஆர்.எக்ஸ். 6600 அட்டைக்கு 132 வாட். மற்றவற்றுக்கு 40 வாட். கூட்டினால் ஏறக்குறைய 250 வாட். கணப்பொழுதில் இவ்வளவு திடீரென உயர்வதுமுண்டு; வழங்கியும் தன் எல்லையில் ஓடாமல் நடுவில் ஓடுவதே நன்று. ஆகவே பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் 550 வாட் வழங்கியைத் தேர்க. அதன் மேல் '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமற் கணினிக்குச் செல்கிறது என்பதை அம்முத்திரை சுட்டும். வெண்கலத் தரத்தில் பாதிச் சுமையின்போது நூற்றுக்கு 85 அளவு பயன்படும்.

அடுத்தது யூ.பி.எஸ். பளைப் பக்கத்திற் காற்றாலைகள் சுழல்கின்றன. அதனால் நம் வீட்டு விளக்குகள் அணைவதில்லை என்று யாரும் சொல்ல மாட்டார். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வளவு இல்லாவிடினும் கணப்பொழுது மின் தடைபடுவது எப்போதுமுண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாற் களஞ்சியத்திலுள்ள கோப்புகள் சிதையக் கூடும். யூ.பி.எஸ். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் மேற் பெரிதாக எழுதியிருப்பது வி.ஏ. அளவு; வாட் அளவு அதனிற் குறைந்தது. 650 வி.ஏ. என்று எழுதிய பல பெட்டிகள் 360 வாட் அளவே தாங்கும். நம் கணினி உள்ளே 250 வாட் செலவிட்டாற் சுவரிலிருந்து ஏறக்குறைய 295 வாட் எடுக்கும். மொனிட்டரையும் சேர்த்தால் 320 வாட். 650 வி.ஏ. பெட்டி இதற்கு நூலிழையிலேயே போதும். 1,000 வி.ஏ. ஆயின் அச்சமில்லை. மின்சாரம் போனபின்னும் விளையாடுவதற்கு இது வாங்கப்படுவதன்று. ஐந்து நிமிடத்துள் ஒழுங்காக நிறுத்துவதற்கே.

மூன்றாவது, எர்த் கம்பி. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலிற் சிறு கூச்சம் தோன்றுமாயின், அவ்வீட்டில் எர்த் சரியில்லை என்று ஐயுறுக. உடனே நிறுத்திவிட்டு மின் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும். ட்ரிப் ஆளியும் வேலை செய்கிறதா என்று அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலின்போது செருகியைக் கழற்றி வைப்பதோடு, இணையம் வரும் வடத்தையும் கழற்றி வைத்தல் அவசியம்.

பெட்டியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாய் அடைத்ததை விட்டு, வலை போன்ற முகப்பும் கழுவத்தக்க தூசு வடியும் உள்ளதைத் தேர்க. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடனீரேரியுமாய் உள்ள நம் ஊரில் உப்புக் காற்றும் மணலும் மிகுதி, வெயிலும் கடுமை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு விசிறிகள் வேண்டும். வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் பல்லியும் எறும்பும் தேடி வரும். ஆகவே பின்னாலுள்ள திறந்த இடைவெளிகளைத் தகட்டால் மூடிவிடுக. கணினியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்தால் பாதித் தூசு குறையும்.

பங்கீட்டைச் சுருக்கமாகக் கூறுவோம். கையிலுள்ளது நூறு ரூபாய் என்று கொண்டால், கிராபிக்ஸ் அட்டைக்கு 28, ப்ராசசருக்கு 13, மொனிட்டருக்கு 13, மதர்போர்ட்டுக்கு 11, ராமுக்கு 10, எஸ்.எஸ்.டி.க்கு 8, மின்வழங்கிக்கு 7, யூ.பி.எஸ்.க்கு 6, பெட்டிக்கு 4. சந்தை விலைக்கேற்ப இவை ஓரிரு ரூபாய் ஏறி இறங்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட இடங்கொடுக்கலாகாது.

இவ்வளவு பணம் ஒருங்கே இல்லாத குடும்பங்களே நம்மிடம் அதிகம். அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. 'ஜி' எழுத்துள்ள ப்ராசசரை வாங்கினால் தனி அட்டை இல்லாமலே கணினி இயங்கும். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பாடம் படிக்கலாம்; எளிய விளையாட்டுகளையும் விளையாடலாம். மின்வழங்கியை மட்டும் முதலிலேயே பெரிதாக வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அட்டையைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. கடன்பட்டு வாங்கும் பெரிய கணினியிலும் படிப்படியாக வளரும் சிறிய கணினியே மேலானது.

பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதே என்பாருக்கும் ஒரு சொல். வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வின்டோஸ் 11 ஏற்கும் ப்ராசசர்கள் இன்டெலில் எட்டாந் தலைமுறை தொட்டும், ரைசனில் பெரும்பாலும் 2000 வரிசை தொட்டும் தொடங்குகின்றன. ஆகவே எண்ணைப் பார்த்து வாங்குக. பழைய கிராபிக்ஸ் அட்டைகளிற் சில, மின்காசு திரட்டும் வேலையிற் பல மாதம் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டெம்பரில் எத்திரியம் என்னும் காசை அவ்வாறு திரட்டும் முறை நின்றபின், அத்தகைய அட்டைகள் சந்தைக்கு வந்து குவிந்தன. கண்முன்னே அரை மணிநேரம் ஓட்டிக் காட்டாத அட்டையை வாங்காதீர்கள்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிற்றி பிளாசாவிற் கணினிக் கடைகள் நிறைய உள, யாழ்ப்பாணத்திலும் உள. விலை வேற்றுமையை மட்டும் பாராமல், உறுப்பொன்று பழுதானால் அதனைத் திரும்பக் கொண்டுசெல்லும் பயணச் செலவையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். உத்தரவாதக் காலமும் உறுப்பின் தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். உறுப்புகளை மாதத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்கி வைப்பதும் தகாது. பொருத்திப் பார்க்கும் நாளில் முதலில் வாங்கியவற்றின் உத்தரவாதத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். பணத்தைச் சேர்த்து வைத்து, இயங்குவதற்கு வேண்டியவற்றை ஒரே தடவையில் வாங்குக.

பொருத்துவது ஒரு மாலை வேலை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தாற் கையிலுள்ள நிலைமின் உறுப்பைத் தாக்காது. ப்ராசசரை அழுத்தாதீர்கள், தன் இடத்தில் அது தானாக அமர வேண்டும். மொனிட்டரின் வடத்தை மதர்போர்ட்டில் அன்றி கிராபிக்ஸ் அட்டையிற் செருகுக. இதனை மறந்துவிட்டு, அட்டை பழுதென்று கடைக்கு ஓடுவோர் பலர்.

தந்தையாரின் இரண்டாவது கேள்வி எஞ்சி நிற்கிறது: இது படிப்புக்கோ, விளையாட்டுக்கோ? இரண்டுக்கும் என்பதே நேர்மையான விடை. பாடத்துக்கென்று சொல்லி விளையாட்டுக்கு வாங்குவது பெற்றோரை ஏமாற்றுவதாகும். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே மறுப்பது பிள்ளையின் ஆர்வத்தைத் தட்டிக் கழிப்பதாகும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை உயர்தரப் பாடமாகக் கற்கும் மாணவர், இவ்வுறுப்புகளைத் தாமே தேர்ந்து பொருத்தும்போது, பாடநூலிற் படமாகக் கண்டதைக் கையாற் கற்கிறார். எனினும் இயந்திரத்தைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டாம். வீட்டார் எல்லோரும் நடமாடும் முன்னறையில் வைக்க. பகலிற் பாடம், மாலையில் ஒரு மணி விளையாட்டு, ஞாயிறு இரவு எல்லோரும் கூடிப் பார்க்கும் ஒரு திரைப்படம் என்று வகுத்துக் கொண்டால், தங்கைக்கும் அம்மாவுக்கும் அதிற் பங்கு உண்டு.

அம்மாணவர் பட்டியலைத் திருத்திக் கொண்டு போனார். கிராபிக்ஸ் அட்டை ஒருபடி இறங்கிற்று. வண்ண விளக்குகள் போயின. நல்ல மின்வழங்கியும் யூ.பி.எஸ்.உம் புதிய மொனிட்டரும் வந்தன. மொத்தத் தொகையில் ஒரு ரூபாயும் கூடவில்லை. தேங்காய் விற்ற காசுக்கு மதிப்புத் தரும் பட்டியல் அதுவே. உங்கள் வீட்டுப் பிள்ளையும் பட்டியல் எழுதுமாயின், முதலில் எந்த வரியைப் பார்ப்பது என்று இனி உங்களுக்குத் தெரியும்: விலை மிகக் குறைந்த வரியைப் பாருங்கள்.